மஞ்சள் பொடி வேலை செய்துவிட்டது

அன்புள்ள நண்பா,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபத்தில்தான் இருப்பாய். வீட்டில் எல்லாரும் நலம்தானே? இங்கே நலம். நேற்று ராத்திரி குடுவையைத் திறந்ததும் குப்பென்று கசப்பு வாதுமை வாசனை வந்தது, அதிலிருந்து உன்னிடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை.

பென்சைல் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றி, அந்த வாசனைக்குச் சொந்தமான பென்சால்டிஹைடாக மாற்றிவிட்டேன், வழக்கமாக இதற்குப் போடும் நச்சுக் குரோமியம் ஒரு துளிகூட இல்லாமல்! யூரியாவை மூடிய மூசையில் வைத்து 550 டிகிரியில் சுட்டால் வெளிர்மஞ்சளாக மிஞ்சுமே, கார்பன் நைட்ரைடு, அதுதான் ஒளிபட்டால் வேலை செய்யும் வினையூக்கி. அப்புறம் நீல எல்.இ.டி. விளக்கு, பலூனில் ஆக்சிஜன், அவ்வளவுதான். ஒளி வினையூக்கி என்றால் டைட்டானியம் டை ஆக்சைடை விட்டால் வேறு கதியில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றவன் நீ. அதன் எலக்ட்ரானை மேலே ஏற்ற ஒளியில் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், புறஊதாவைத் தவிர எதற்கும் அசையாது, வெயிலில் அது எவ்வளவு கொஞ்சம் என்று உனக்கே தெரியும். இதற்கு 2.7 போதும். நீல ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலே ஏறி ஆக்சிஜனிடம் போகிறது, அது விட்டுப்போன காலியிடம், அதாவது துளை, ஆல்கஹாலிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து அதை மாற்றிவிடுகிறது.

வடிகட்டினால் பொடி முழுக்கத் தாளிலேயே தங்கிவிடுகிறது. கழுவி, உலர்த்தி, ஐந்தாவது தடவையாகப் போட்டேன், அப்போதும் வேலை செய்தது. இதே மாதிரி ஒளியில் வேலை செய்யும் ருத்தேனியம் சேர்மம் என்றால் கரைசலோடு கரைந்துகிடக்கும், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விளக்கின் சூட்டில் நடந்திருக்குமோ என்று நீ கேட்பாய்: விசிறி வைத்திருந்தேன், இருட்டில் அதே சூட்டிலும் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பாதியில் பொடியை வடித்துவிட்டு விளக்கை எரியவிட்டபோதும் வினை அப்படியே நின்றுபோனது.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. சின்னக் குடுவையில் நடப்பது பெரிய கலத்தில் நடக்காது. பொடி கலந்த கரைசல் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கிறது, ஒளி சுவரோரத்து மெல்லிய அடுக்கைத் தாண்டுவதில்லை, நடுவில் கிடப்பதெல்லாம் இருட்டில். மெல்லிய குழாயில் ஓடவிட்டால் பொடி அடைத்துக்கொள்கிறது. புகைபோக்கி இல்லாத, கண்ணாடிக் குழாய்கள் காடாக நிற்கும் தொழிற்சாலைகள் வரும் என்று இத்தாலிய வேதியியலாளர் சியாமிசியான் 1912-லேயே சொன்னார், நாம் இன்னும் குடுவையிலேயே நிற்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

குழாய் வேலை உன் கோட்டை. பொடியைக் கண்ணாடி மணிகள் மேல் பூசி அடைத்தால் ஓட்டம் தாங்குமா? பூச்சு உரிந்து வந்துவிடுமா? இதற்காவது உடனே பதில் போடு.

உன் நண்பன்