கையெழுத்து என்ர, லைசன்ஸ் ஆற்ற?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் திருகோணமலையில மீன்வலையும் கயிறும் விக்கிற சின்னக் கடைக்காரன். அண்மையில இந்தியாவில இருந்து எடுப்பிச்ச சாமான் கொழும்பு ஹாபர்ல 11 நாள் கிடந்தது, டெமரேஜ் எண்ட தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகுது, ஏனெண்டு பார்த்தா வலைக்கு 5608, கயித்துக்கு 5607 எண்டு எச்எஸ் கோட், அதாவது சாமானை வகைபிரிக்கிற சுங்க இலக்கம், வேற வேற, ஆனா என்ர கஸ்டெக்கில, அதாவது சுங்கத்துக்குக் குடுக்கிற பிரகடனப் படிவத்தில, கயித்தையும் சேர்த்து முழுக்க வலை எண்டே அடிச்சு வச்சிருக்கு.

அதைச் செய்தவரை கிளியரிங் ஏஜென்ட், அதாவது சுங்கத்தில இருந்து சாமானை எடுத்துத் தாறவர், எண்டுதான் எனக்குக் காட்டினவை. நிரப்பாத ஃபோமில கையெழுத்துக் கேட்டார், நானும் நம்பி வச்சுக் குடுத்திட்டன், அது என்ர பிழைதான். பிறகு கொப்பியை எடுத்துப் பார்க்கேக்க டிக்ளரன்ட், அதாவது பிரகடனம் செய்யிறவர், பேர் வாற 14ஆம் கட்டத்தில நான் கேள்விப்படாத ஒரு கம்பெனி. போன் எடுத்துக் கேட்டா, "அவர் எங்கட ஸ்டாஃப் இல்லை, எங்கட லைசன்ஸில வேலை செய்யிறவர்" எண்டு சர்வசாதாரணமாச் சொல்லுறாங்கள்!

பிரகடனத்தில உள்ளதும் பெட்டிக்குள்ள உள்ளதும் ஒத்துவராட்டி சாமானையே பறிமுதல் செய்ய 1869ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின்ர 47ஆம் பிரிவில இடம் இருக்கு. ஆரோ ஒருத்தர் இரவல் லைசன்ஸில அடிச்ச ஒரு வரிக்கு, கடன்பட்டு எடுத்த என்ர சாமான் போகப் பார்த்தது.

பக்கத்து இந்தியாவில 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஏஜென்ட் லைசன்ஸ் எடுக்கிறதெண்டா எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும் பாஸ் பண்ணோணும், லைசன்ஸை இன்னொருத்தருக்கு மாத்த ஏலாது, சாமான்காரரிட்ட அதிகாரக் கடிதம் வாங்கி வச்சிருக்கோணும். அமெரிக்காவில இன்னும் இறுக்கம், 2022இல மாத்தின விதிப்படி அந்த அதிகாரத்தை புரோக்கர் (அங்க ஏஜென்டுக்குப் பேர்) இறக்குமதிக்காரரிட்ட நேரடியா வாங்கோணும், நடுவில நிண்டு சாமானை அனுப்பி வைக்கிற ஃபார்வேடர் மூலமா வாங்கினா சரிவராது. என்னைக் கேட்டா எங்களுக்கு முதல்ல வேணும் எண்டது இந்த நேரடிக் கடிதம்தான், அது இருந்திருந்தா அந்தக் கம்பெனிக்காரர் என்ர முகத்தையாவது ஒருக்கால் பார்த்திருப்பினம்.

சுங்க அதிகாரிகளிட்ட நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்லை. லைசன்ஸ் உள்ள ஏஜென்ட்மார், அவைக்காக சுங்கத்தில வேலை செய்ய பாஸ் உள்ள ஆக்கள் எல்லாரின்ர பேரையும் தமிழில எழுதி திருகோணமலை சுங்க அலுவலகத்தில எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒட்டிவிடுங்கோ. அதிகாரக் கடிதத்தையும் தமிழில தாங்கோ, எதில கையெழுத்து வைக்கிறம் எண்டு வாசிச்சுப் பார்த்திட்டு வைப்பம்.

இப்படிக்கு,
வலைக் கடைக்காரர் ஒருவர்,
திருகோணமலை.