ஒரே ஓட்டையில் ஒவ்வொரு வாரமும் கோல்: கழக நிர்வாகத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: வடக்கு ஸ்டாண்ட் சீசன் டிக்கெட்தாரர்கள்

பெறுநர்: தலைமை நிர்வாக அதிகாரி, கழக அலுவலகம்

பொருள்: மேனேஜரின் ஆட்டமுறை, சீசன் டிக்கெட் புதுப்பிப்புக் கெடு ஆகியவை தொடர்பாக

மதிப்புக்குரிய ஐயா,

நம் அணியின் கோல் கிக் (கோல் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை நம் கோல் முன்னிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) எங்கே போகும் என்பதை எதிரணிக்கு யாரும் வேவு பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கு ஸ்டாண்டில் அப்பாவோடு வந்து உட்காரும் பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டால் போதும். கீப்பர் பந்தை வைப்பார், இரண்டு சென்டர் பேக்குகள் (நடுத் தடுப்பாளர்கள்) கோல் முன்னுள்ள பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே இரு பக்கமும் விரிந்து நிற்பார்கள். கோல் கிக்கில் பந்து பாக்ஸை விட்டு வெளியே வந்தாக வேண்டும் என்ற விதி 2019-ல் போய்விட்டதால் இப்படி நிற்பதில் தவறில்லை. தவறு அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. எதிரணி ஸ்ட்ரைக்கர் நேராக ஓடி வருவதில்லை. வளைந்து ஓடி, வலப்பக்கப் பாதையை முதுகால் மறைத்துக்கொண்டு வருகிறார். கீப்பருக்கு இடப்பக்கம் மட்டுமே மிச்சம். இடப்பக்க சென்டர் பேக் வலக்காலால் ஆடுபவர். பந்து கிடைத்ததும் உள்பக்கமாகத்தான் திரும்புவார். அவர் பாஸ் கொடுக்கும் மிட்ஃபீல்டர் எதிர்க் கோலுக்கு முதுகு காட்டி நிற்க, அந்த முதுகில் ஏற்கெனவே ஒருவர் ஒட்டியிருக்கிறார். பந்து பறிபோகிறது, நம் கோலிலிருந்து 20 மீட்டரில்.

குட்டி பாஸ்களால் எதிரணியை முன்னால் இழுப்பது எதற்கு என்று எங்களுக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் திறக்கும் வெளியில் வேகமாக ஓட ஆள் இருக்க வேண்டும். 50 மீட்டர் தாண்டிப் பந்தைக் காலில் போடும் கீப்பரும் வேண்டும். நம்மிடம் இருப்பவர் ஷாட் தடுப்பதற்கென்று வாங்கப்பட்ட கீப்பர். முன்னால் நிற்பவர் உயரமான, தலையால் ஆடும் ஸ்ட்ரைக்கர். வாங்கியது ஒன்று, ஆட வைப்பது வேறொன்று.

நான்கு கோல் கிக்கில் ஒன்றையாவது நீளமாக அடிக்கட்டும். நடுவில் வேண்டாம், டச்லைன் (மைதானத்தின் பக்கக் கோடு) ஓரமாக. அங்கே தலையில் பட்டுச் சிதறும் பந்து பெரும்பாலும் வெளியேதான் போகும், எதிர்த்தாக்குதலாக மாறாது. உதைப்பதற்கு முன்பே இரண்டு மிட்ஃபீல்டர்களும் ஓரத்தில் ஆடும் ஒரு விங்கரும் ஸ்ட்ரைக்கருக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட வேண்டும். தலையில் பட்டுச் சிதறும் அந்த இரண்டாவது பந்து அவர்களுக்கானது. கோல் கிக்கில் ஆஃப்சைடு (எதிரணியின் கடைசி டிஃபெண்டருக்கு அப்பால் நிற்பவருக்குப் பந்து தரக் கூடாது என்ற விதி) கிடையாது என்பதையும் பயன்படுத்தலாம்: மற்ற விங்கர் கடைசி டிஃபெண்டரையும் தாண்டிப் போய் நின்றால், எதிரணிப் பின்வரிசை தானாகப் பின்வாங்கும். இதற்கு ஒரு நாள் பயிற்சி போதும்.

பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024-25 இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஆடிய சவுத்ஹாம்ப்டனைப் பார்க்கலாம். கடைசி வரை பின்னாலிருந்தே பாஸ் செய்ய வைத்த மேனேஜர் ரஸ்ஸல் மார்ட்டின், சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமிடம் 0-5 என்று தோற்ற அன்றே நீக்கப்பட்டார். ஆனால் அது டிசம்பர் நடு, காலம் கடந்துவிட்டது. சீசன் முடிவில் 12 புள்ளிகள். அந்த லீகில் அதுவரை மிகக் குறைவான 2007-08 டெர்பி கவுண்டியின் 11-க்கு ஒன்றுதான் கூட. 2023-24-ல் இதே போல் ஆடி 24 புள்ளிகளோடு கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பர்ன்லி, மறுவருடம் ஸ்காட் பார்க்கரின் கீழ் முதலில் கதவைச் சாத்தக் கற்றது. 46 ஆட்டங்களில் வாங்கிய கோல் 16. கீழ் டிவிஷன்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் 16.

அடுத்தது மூன்று பேர் பின்வரிசை. அந்த அமைப்பையே நாங்கள் குறை சொல்லவில்லை. ஆலிவர் கிளாஸ்னரின் கிறிஸ்டல் பேலஸ் 2025 மே 17-ல் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது இதே அமைப்பில்தான். அங்கே டானியல் முன்யோஸ் போன்ற விங் பேக் (ஓரத்தில் தடுத்தும் தாக்கியும் ஆடுபவர்) முழு ஓரத்தையும் ஓடி அளந்தார். முன்னால் நின்ற இரண்டு பத்தாம் எண்களும் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் தாக்குநர்கள்) உள்ளே இறங்கி மிட்ஃபீல்டை நிரப்பினார்கள். நம் விங் பேக்குகள் உண்மையில் பின்னால் நின்று ஓரத்தைத் தடுக்கும் ஃபுல் பேக்குகள். முன்னால் இருக்கும் இருவரும் ஓரத்தை விட்டு வராத விங்கர்கள். ஆகவே நடுவில் நம்மவர் இருவர், எதிரணியில் மூவர். மூன்றாமவரைப் பிடிக்க ஒரு சென்டர் பேக் மேலே ஏறினால் பின்னால் வாசல் திறக்கிறது. ஏறாவிட்டால் அவர் பந்தோடு நிமிர்ந்து பார்த்து யாருக்கு வேண்டுமானாலும் பாஸ் கொடுக்கிறார். நாம் வாங்கும் கோல்களில் பாதிக்கு மேல் எங்களுக்கு இந்த ஒரே படமாகத்தான் தெரிகிறது. விங்கர்களில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு மூன்றாவது மிட்ஃபீல்டரை இறக்கினால் தீரக்கூடியது இது.

ஆள் மாற்றுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்து பேரை மாற்றலாம், மூன்று நிறுத்தங்களில். இடைவேளையில் மாற்றுவது அந்த மூன்றில் சேராது. அந்த இலவச வாய்ப்பை நம் மேனேஜர் தொடுவதே இல்லை. விங் பேக்குகள் அறுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிகிறது. முதல் மாற்றம் எழுபத்தைந்துக்குப் பிறகு வருகிறது, அதுவும் ஸ்ட்ரைக்கருக்கு ஸ்ட்ரைக்கர். அதற்குள் கோல் விழுந்திருக்கும்.

கார்னர் தடுப்பில் ஐந்து பேர் கோல் ஏரியா (கோலை ஒட்டிய சிறு பாக்ஸ்) கோட்டில் வரிசையாக நின்று இடத்தைக் காக்கிறார்கள். எதிரணியினர் நான்கு பேர் கீப்பரைச் சுற்றி நெருக்கி நிற்க, ஐந்தாமவர் பெனால்டி புள்ளியிலிருந்து ஓடி வந்து எகிறுகிறார். நின்ற இடத்தில் குதிப்பவர், ஓடி வந்து குதிப்பவரை எப்படி வெல்வார்? முதல் கம்பத்தருகே ஒருவர், நடுவில் இருவர் இடத்தைக் காக்கட்டும். தலையால் நன்றாக ஆடும் மூன்று எதிராளிகளின் ஓட்டத்தை மறிக்க மூவர், கீப்பரை மறைப்பவரை விலக்க ஒருவர், பாக்ஸ் விளிம்பில் ஒருவர். பந்தைப் பக்கத்தில் நிற்பவருக்கே தட்டிக் குட்டி கார்னர் எடுத்தால் நாம் ஒருவரையே அனுப்புகிறோம். அங்கே இருவருக்கு எதிரே ஒருவர் நின்று பயனில்லை, இரண்டாமவரும் உடனே ஓட வேண்டும். ஆர்சனல் 2021-ல் நிக்கோலா ஜோவரை இதற்கென்றே அழைத்து வந்தது. அப்படி ஒரு பயிற்சியாளருக்கு ஆகும் செலவு, பெஞ்சில் உட்காரும் ஒரு ஆட்டக்காரரின் சம்பளத்தை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் நம் மேனேஜர் பேட்டியில் எக்ஸ்பெக்டட் கோல்ஸ் (ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கூட்டும்) கணக்கைக் காட்டி "நாம்தான் நன்றாக ஆடினோம்" என்கிறார். ஒரு பெனால்டிக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ 0.78. இருபத்தைந்து மீட்டரிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு 0.03 அளவு. அப்படி இருபது அடித்தாலும் 0.6, ஒரு பெனால்டிக்கு ஈடாகாது. மேலும் 0-2 என்று பின்தங்கிய பிறகு எதிரணி பாக்ஸுக்குள் ஒதுங்கி, தூரத்திலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று விட்டுவிடுகிறது. அந்த ஷாட்டுகளையும் கூட்டி நற்சான்றிதழ் எழுதிக்கொள்ளலாமா?

அவருக்குச் சேர வேண்டிய பாராட்டு ஒன்று உண்டு. இளைஞர் அணியிலிருந்து ஆட்களைத் துணிந்து ஏற்றியவர் அவர். அந்தப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் சிக்கித் தன்னம்பிக்கை இழப்பதுதான் கூடுதல் வருத்தம்.

மேனேஜரை நியமிப்பதும் நீக்குவதும் உங்கள் அதிகாரம். ஆனால் நீக்குவதாக இருந்தால் ஜனவரி 1-ல் ஆட்டக்காரர் மாற்றச் சந்தை திறப்பதற்குள் செய்யுங்கள். வருகிறவருக்கு யார் தேவை என்று சொல்ல நேரம் வேண்டும். எவர்ட்டன் 2025 ஜனவரியில் டேவிட் மோயஸைத் திரும்ப அழைத்தபோது இறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே இருந்தது. 48 புள்ளிகளோடு பதின்மூன்றாவதாக முடித்தது. நம் மேனேஜரை வைத்துக்கொள்வதாக இருந்தால், மேலே சொன்ன நான்கில் எதையெல்லாம் மாற்றப்போகிறார் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். இறங்கினாலும் பாராசூட் பணம் (கீழ் டிவிஷனுக்கு இறங்கும் கழகத்துக்கு லீக் தரும் தொகை) வரும் என்ற தைரியம் வேண்டாம். முதல் வருடம் ஒளிபரப்பு வருமானத்தின் சமபங்கில் 55 சதவீதம், அடுத்த வருடம் 45, மூன்றாவது வருடம் 20. வீரர்களின் ஒப்பந்தங்களில் இறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி இல்லையென்றால் அந்தப் பணம் சம்பளத்துக்கே போய்விடும்.

கடைசியாக எங்கள் பணம். சலுகை விலையில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வசந்த காலத்திலேயே கெடு வைக்கிறீர்கள். எந்த டிவிஷனில் ஆடுவோம் என்று தெரியாமல் சொந்த மைதானத்தின் 19 ஆட்டங்களுக்கு விலை கேட்பது நியாயமில்லை. அந்தக் கெடுவை கடைசி ஆட்டத்துக்குப் பிறகு பதினான்கு நாட்கள் தள்ளிவையுங்கள். டிக்கெட் விலை போன்றவற்றில் ரசிகர்களைக் கலந்து பேசும் கடமையை 2025-ன் கால்பந்து நிர்வாகச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சொந்த மைதானத்தில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு கூட்டம் வையுங்கள். தலைமைப் பயிற்சிப் பொறுப்பில் உள்ள ஒருவரையாவது அழைத்து வாருங்கள். விளம்பரப் பிரிவுக்காரர்களை மட்டும் அனுப்ப வேண்டாம்.

எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வடக்கு ஸ்டாண்ட் சீசன் டிக்கெட்தாரர்கள்