கையெழுத்துப் போடும் முன்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், மனம்விட்டுப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் லேபில் சோதனைக்கு வந்த தேன் சாம்பிளில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக மிஷின் காட்டுகிறது, உனக்கு மேலே இருப்பவரோ 'சரியாக வரும்வரை சோதனையை மறுபடி ஓட்டு' என்கிறார், நீ மாட்டேன் என்றுவிட்டாய். வேலையை விட்டுவிடவா என்று கேட்டாய்.

நீ செய்ததுதான் சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்ம பக்கத்துத் தேன் ரப்பர் விளையை நம்பியது. தை கடைசியில் ரப்பர் மரம் தளிர் விட்டு, இலைக்காம்பு நுனியில் தேன் ஊறினால்தான் தேன்பெட்டி நிறையும். பங்குனி தாண்டினால் வரத்து குறைந்துவிடும். அப்புறம் மழைக்காலம் முழுக்கச் சீனிப்பாகு வைத்துத் தேன்பூச்சியைக் காப்பாற்ற வேண்டும். 1991-92இல் வைரஸ் நோய் வந்து புழுக்கள் செத்து, பெட்டி பெட்டியாகக் காலியானதை நீ பார்த்ததில்லை. மிஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினோம். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அப்படி விடாமல் நின்றவர்களால்தான். பாகு கலந்த குப்பி கடையில் பாதி விலைக்கு நின்றால் இவர்களுடைய தேன் வீட்டிலேயே கிடக்கும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் தீக்குச்சி உரசிப் பார்ப்பதும் இந்தக் கலப்படத்துக்கு உதவாது. உன் அறிக்கை ஒன்றுதான் அவர்களுக்குத் துணை.

தேனீ வளர்ப்போர் சங்கத்தில் ஒருவர் இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டபோது நீ சொல்லித்தந்ததையே சொன்னேன். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பன் எடுக்கும் விதம் வேறு, ரப்பரும் பெரும்பாலான பூமரங்களும் எடுக்கும் விதம் வேறு. அதனால் சர்க்கரையில் கனமான கார்பனின் அளவு மாறி, கலப்பு தெரிந்துவிடும். நெல் நம்ம மரங்களைப் போலவே எடுப்பதால் அரிசிப் பாகு இந்தச் சோதனையில் தப்பிவிடும்; அதற்கு, காந்தப்புலத்தில் வைத்துத் தேனில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் என்.எம்.ஆர். மாதிரி வேறு சோதனை வேண்டும். அவர் அசந்துபோனார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆனாலும் ஒன்று கவனி. நேர்மையான ஆளின் தேனும் சோதனையில் தவறலாம். பூச்சி அடையை மெழுகால் மூடுவதற்கு முன்னே எடுத்தால் ஈரப்பதம் அனுமதித்த 20 சதவீதத்தைத் தாண்டும். அதை வற்றவைக்கச் சூடாக்கினால், சூட்டில் சர்க்கரையிலிருந்து உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும், கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் போனால் அதுவும் தள்ளுபடி. மழைக்குக் கொடுத்த பாகு அடையில் மிஞ்சியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆகவே சந்தேகம் இருந்தால் மறுபடி ஓட்டு, தேன் இல்லாத பிளாங்க் ஓட்டு, அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் ஓட்டு. அதில் தப்பே இல்லை. பிடிக்காத எண்ணை மறைத்துவிட்டுப் பிடித்த எண்ணை மட்டும் எழுதுவதுதான் தப்பு. எத்தனை தடவை ஓட்டினாயோ அத்தனையும் பதிவில் இருக்கட்டும். அதன் பிறகும் அதே எண் நின்றால், அதை எழுதிக் கையெழுத்துப் போடு.

தேன் கொடுத்தவன் பாவம் என்றும் இளகாதே. அரசு அதிகாரி எடுக்கும் சாம்பிளை நான்கு பங்காக்குகிறார்கள், 14 நாளில் அறிக்கை வர வேண்டும், ஒத்துக்கொள்ளாதவர் மேல்முறையீடு செய்து மறுசோதனை செய்யும் ரெஃபரல் லேபுக்குப் போகலாம் என்று நீதானே சொன்னாய். அவருக்கு வழி இருக்கிறது. கடையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிற அம்மாவோ குப்பியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ராஜினாமாவை இன்று எழுதாதே. மேலே இருப்பவர் சொன்னது, நீ சொன்ன பதில், தேதி எல்லாவற்றையும் குறித்து வை. இனி அவர் எது சொன்னாலும் மெயிலில் அனுப்பச் சொல். இதற்கிடையில் உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதற்கான அந்த ஃபுட் அனலிஸ்ட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பி, ரொம்ப நாளாகத் தள்ளிப்போடுகிறாய். பாளையங்கோட்டையில்கூட அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகலாம்.

வற்புறுத்தல் அதிகமானால் மறுநாளே வந்துவிடு. அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவளுக்கும் சம்மதம். படிப்புக் கடனுக்கு மாசம் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று மட்டும் எழுது. இந்தப் பருவத்துத் தேன் காசிலிருந்து அதை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா