பேய் பங்களா விளையாட்டில் கதை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வீடியோ கேம் பற்றிய கட்டுரை, பாழடைந்த மாளிகைக்குள் மாட்டிக்கொண்டு உயிர் பிழைக்கும் வகை விளையாட்டுகளில் கதை என்று ஒன்றும் கிடையாது, கதவைத் திறப்பதும் சுடுவதும்தான் உண்டு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இவ்வகை விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆடியும், ஆடுகிற இளைஞர்களோடு பேசியும் வருகிறவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. கதை அங்கே நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லும் பொறுப்பைப் பாத்திரங்களுக்குத் தராமல் வீட்டுக்குத் தந்திருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை.

இந்த மரபு ஒரே நாளில் வந்ததல்ல. 1989இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்' விளையாட்டில், இறந்துபோன ஓர் ஓவியரின் மாளிகைக்குள் ஐந்து பேர் நுழைகிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் மீண்டும் எழுவதில்லை; எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. 1992இல் பிரான்சிலிருந்து வந்த 'அலோன் இன் த டார்க்' அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள ஒரு வீட்டைக் களமாகக் கொண்டு, அறைக்கு அறை புத்தகங்களையும் கடிதங்களையும் போட்டு வைத்தது. படித்தால் உயிரே போய்விடும் புத்தகமும் அந்த வீட்டில் உண்டு. இவற்றின் வழிவந்ததுதான் ஷின்ஜி மிகாமி இயக்கி 1996இல் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கருவியில் வெளியான 'ரெசிடென்ட் ஈவில்'. காட்டு நடுவே இருக்கும் ஸ்பென்சர் மாளிகைக்குள் ஒரு சிறப்புக் காவல் குழுவினர் உயிருக்குப் பயந்து ஓடி ஒளிகிறார்கள் என்பதுதான் அதன் தொடக்கம்.

அன்றைய கருவிகளின் போதாமையே இங்கே கதை சொல்லும் உத்தியாக மாறியது. அறைகளை நுணுக்கமாக வரைந்துகொண்டே கேமராவையும் சுழற்றும் வலு அந்தக் கருவிக்கு இல்லாததால், முன்கூட்டியே தீட்டிய படங்களைப் பின்னணியாக வைத்து, கேமராவை ஒரு மூலையில் நிறுத்தினார்கள். விளைவாக, வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பது எது என்று நமக்குத் தெரியாது. காலடி ஓசை மட்டும் கேட்கும். அடுத்த அறை குறுவட்டிலிருந்து ஏறுவதற்கான நேரத்தை மறைக்க, இருட்டில் ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும் காட்சியை வைத்தார்கள். அந்தச் சில நொடிகள் தரும் நடுக்கத்தைப் பக்கம் பக்கமான வசனத்தால் தந்துவிட முடியாது.

பொருள்களுக்கு வைத்த தட்டுப்பாடும் அப்படித்தான். அந்தக் காவல் குழுவில் நாம் ஆடத் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்களில் கிறிஸ் ஆறு பொருள்களையும் ஜில் எட்டுப் பொருள்களையும் மட்டுமே கையில் வைத்துக்கொள்ள முடியும். ஆடியதைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறியைத் தேட வேண்டும், அதற்கான ரிப்பனும் எண்ணித்தான் கிடைக்கும். தோட்டாவும் மருந்தும் சாவியும் ஒரே பைக்குள் இடத்துக்குப் போட்டியிடும்போது, எதை விட்டுவிட்டுப் போவது என்று ஆடுபவர் எடுக்கும் முடிவே கதையின் நிகழ்ச்சியாகிவிடுகிறது.

அந்த மாளிகையில் கிடைக்கும், விலங்குகளைப் பராமரித்த ஊழியர் ஒருவரின் நாட்குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் அவர் சக ஊழியர்களோடு சீட்டாடியதையும், ஒருவன் ஏமாற்றி ஜெயித்தான் என்ற சந்தேகத்தையும் எழுதுகிறார். அடுத்து, பராமரிக்கச் சொன்ன விலங்கைப் பற்றிய குறிப்பு. பிறகு, விபத்து நடந்துவிட்டதென்று அதிகாலையில் எழுப்பிக் காப்புடை அணியச் சொல்கிறார்கள். உடலில் அரிப்பு தொடங்குகிறது. நாள் செல்லச் செல்ல வாக்கியங்கள் குட்டையாகின்றன, இலக்கணம் உதிர்கிறது, கடைசியில் எஞ்சுவது, அரிக்கிறது என்பதற்கு ஒரு சொல்லும் ருசிக்கிறது என்பதற்கு ஒரு சொல்லும்தான். ஒரு மனிதன் மனிதனாக இல்லாமல் போவதை அவனுடைய மொழியைக் கொண்டே காட்டிவிட்டு, அதே அறையின் அலமாரிக்குள் அவனையும் நிற்க வைத்திருக்கிறார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியில் படிக்கும் என் அண்ணன் மகன், பாடப் புத்தகத்தில் ஆங்கிலப் பக்கம் வந்தாலே நழுவிவிடுவான். இந்த நாட்குறிப்பை மட்டும் வரி விடாமல் படித்து எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினான். அடுத்த அறையில் உயிர் தப்புவதற்கான தகவல் இதில் இருக்கலாம் என்ற அச்சம் அவனை ஊன்றிப் படிக்கச் செய்திருக்கிறது.

2002இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' மறுஆக்கம் இம்மரபையே கதைப்பொருளாக்கியது. மூல விளையாட்டில் தாழ்வாரத்து ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாய்வது புகழ்பெற்ற காட்சி. மறுஆக்கத்தில் முதல் தடவை கண்ணாடியில் விரிசல் மட்டுமே விழுகிறது, அதை மறந்து திரும்பி வரும்போதுதான் நாய் பாய்கிறது. வீழ்த்திய நடைப்பிணத்தின் தலையைச் சிதைக்காமலோ மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காமலோ விட்டால், அது பிற்பாடு முன்னிலும் வேகமாக எழுந்து வரும்; மண்ணெண்ணெயோ அளவோடுதான் கிடைக்கும். ஆகவே எந்த வழியில் எதை வீழ்த்தினோம் என்பதை வீடு நினைவில் வைத்திருந்து, பின்னால் நம்மிடம் கணக்குக் கேட்கிறது. பொதுவாக எல்லோரும் கேலி செய்யும் விசித்திரப் பூட்டுகளுக்கும் இதில் காரணம் சொல்லப்படுகிறது: மாளிகையைக் கட்டிய டிரெவர் என்ற கட்டடக் கலைஞர், அதன் ரகசியங்களை அறிந்த குற்றத்துக்காகவே அங்கே அடைக்கப்பட்டு, தப்பிக்கத் தவழ்ந்து போன வழியின் முடிவில் தம் பெயர் பொறித்த கல்லறையைக் காண்கிறார். தாம் செய்த பூட்டுகளுக்குள் தாமே சிக்கி மாண்ட ஒருவரின் கதை, கட்டுரையாளர் சொன்ன அந்தக் கதவுகளிலேயே இருக்கிறது.

ஓரிடத்தில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். மாளிகைக்கு அடியில் ரகசிய ஆய்வுக்கூடம், குழுத் தலைவனே துரோகி, கட்டடம் வெடிக்கப் போகும் நேரக் கணக்கு, ஹெலிகாப்டர் என்று முடியும் இறுதிப் பகுதி தேய்ந்துபோன வழக்கம். எல்லாம் வைரஸின் வேலை என்று விளக்கம் வந்ததும் வீடு வெறும் கட்டடமாகிவிடுகிறது. அதே கதையை விடாமல் பின்பற்றும் இன்றைய விளையாட்டுகளைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும்.

திருத்தணியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, பக்கத்துத் திருவாலங்காட்டின் பழையனூர் நீலி கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, அவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு வரும் பேய்தான் நீலி. அக்கதையில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கத்தியை, அது தன்னைக் கொல்வதற்கே என்று முறையிட்டு, ஊரார் கையாலேயே வாங்கி வைக்கச் செய்கிறாள் நீலி. அதன் பிறகே அவனை அவளோடு உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ஆயுதத்தைப் பறித்தல், கதவை அடைத்தல், அவன் உயிருக்குப் பிணையாக ஊரார் சொன்ன வாக்கு, விடிந்ததும் அந்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீப்புகுதல் என்று இவ்வகை விளையாட்டுக்கு வேண்டிய இறுக்கம் முழுவதும் அதில் உண்டு. குற்றவாளி யார் என்பதில் ஆய்வுக்கூடம் தர முடியாத தார்மீகச் சிக்கலும் உண்டு. தமிழில் விளையாட்டு உருவாக்க முனையும் இளைஞர்கள் வெளிநாட்டு மாளிகையை அப்படியே பெயர்த்து வைக்காமல், இப்படிப்பட்ட கதைகளை அந்த மரபின் விதிகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவர்களுக்கு நல்ல விமர்சனமும் தேவை. நாவலையும் திரைப்படத்தையும் பற்றி எழுதும்போது முழுமையாகப் படித்தவரையும் பார்த்தவரையும்தான் தாங்கள் எழுத அழைக்கிறீர்கள். வீடியோ கேம் பற்றி அடுத்த கட்டுரை வெளியிடும்போதும், முடிவு வரை ஆடிய ஒருவரிடம் அதை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருத்தணி.