எண்ணெய் வை, அப்புறம் அலசி எடு

பினாங்கு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. அழுகிற நேரத்தில் எதைச் சொன்னாலும் மனதில் ஏறாது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். பிள்ளை தூங்கும்போது நிதானமாகப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில் இதை மனதில் வை. பேரன் தலையில் தட்டியிருக்கிற பொருக்கு அழுக்கு இல்லை. நீ சரியாகக் குளிப்பாட்டாததால் அது வரவில்லை. தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டுகிற வீட்டிலும் வரும். ஒட்டாது, பரவாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கக் கொடுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். கிளினிக்கில் நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்த காலம் முழுக்க, இந்தப் பொருக்கைக் காட்டி அழாத தலைச்சன் பிள்ளைத் தாய்மாரை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேருக்கும் யாரோ ஒருத்தர் "கவனிக்கலையா?" என்று கேட்டிருப்பார்கள். உன் மாமியாரும் உன்னை அப்படிக் கேட்டுவிட்டார். அதற்காக நீ உன்னையே குற்றவாளியாக நிறுத்திக்கொள்ளாதே.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சியில் மஞ்சளாக, பிசுபிசுப்போடு பொருக்குத் தட்டியிருக்கிறது. ஓரங்களில் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு, அதோடு இரண்டு மூன்று முடியும் ஒட்டி நிற்கிறது. புருவத்தில் கொஞ்சம் வெள்ளைச் செதில். கன்னம் சுத்தம், கழுத்து மடிப்பு சுத்தம். இதைத்தான் கிளினிக்கில் கிரேடில் கேப் என்பார்கள். பிறந்து மூன்று வாரத்திலிருந்தே தலைகாட்டும். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் பார்ப்போம். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பல பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலேயே போய்விடும்.

"தலை வறண்டு உரியுதும்மா" என்றாய். பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறு. கர்ப்பத்தில் உன் உடம்பிலிருந்து பிள்ளைக்குப் போன ஹார்மோன்கள் அவன் தோலில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிட்டிருக்க வேண்டும். எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. உதிர வேண்டிய பழைய தோல் உதிராமல் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காகப் படிகிறது. மலாசீசியா என்று ஒரு பூஞ்சை உண்டு. நம் எல்லார் தலையிலும் இருப்பதுதான், பெரியவர்களுக்குப் பொடுகு வருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது இந்த எண்ணெயைத் தின்று வாழும். அதுவும் சேர்ந்துகொண்டு தோலை உறுத்துகிறது. ஹார்மோன் வடிய வடிய எல்லாம் அடங்கிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் வைத்தியமும் புரிந்துவிடும். வறட்சி என்று நினைத்து ராவும் பகலும் எண்ணெய் தடவி அப்படியே விட்டால், தின்கிற பூஞ்சைக்கு விருந்து வைக்கிற மாதிரி ஆகிவிடும். எண்ணெய் வைப்பது பொருக்கை ஊறவைத்து இளக்கத்தான். தலை தேறுவது அந்த எண்ணெயை அலசி எடுப்பதில் இருக்கிறது. நம் பெரியவர்கள் எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டு எடுத்தார்கள். இப்போது பலர் எண்ணெயை வைத்துக்கொண்டு எடுப்பதை மறந்துவிட்டார்கள். உன் வீட்டில் குளிப்பாட்ட வரும் அம்மாவும் குளித்து முடித்த தலையில் திரும்ப எண்ணெய் வைத்துவிட்டுத்தான் போகிறார் என்று நீயே சொன்னாய். அதை முதலில் நிறுத்தச் சொல்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குளிப்பதற்குக் கால் மணி, இருபது நிமிடம் முன்னால் அரை டீஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பொருக்கு இருக்கிற இடத்தில் மட்டும் விரல் நுனியால் மெல்லத் தடவு. ரொம்பத் தடித்திருந்தால் ஒரு மணி நேரம் விடலாம். ராத்திரி முழுக்க விடுகிறவர்களும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது எனக்குச் சம்மதம் இல்லை. அப்புறம் குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால், அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய். பிரஷ் இல்லையென்றால் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணி போதும். ஓரம் தூக்கிக்கொண்டதெல்லாம் பிரஷ்ஷோடு வந்துவிடும், வராததை விட்டுவிடு. பிறகு வாசனை இல்லாத பேபி ஷாம்பூ கொஞ்சம் போட்டு அலசு. தொட்டுப் பார்த்தால் இன்னும் வழுக்குகிறதா? இன்னொரு தரம் ஷாம்பூ போடு. எண்ணெய் மிச்சம் இருக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் மடிப்பில் ஈரம் தங்காமல் ஒற்றி எடு. பொருக்கு இருக்கிற வரைக்கும் தினமும் தலையை அலசலாம். தேறிய பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும்.

நகத்தால் மட்டும் பெயர்க்காதே. உரித்தெடுக்கக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். அடியில் இருக்கிற தோல் ரொம்ப மெல்லியது, ரத்தம் கசிந்தால் அதன் வழியாகக் கிருமி புகுந்துவிடும். பொருக்கோடு முடியும் சேர்ந்து வரும். பயப்படாதே, திரும்ப முளைக்கும்.

உச்சிக்குழிக்குப் பயந்து நீ அந்த இடத்தைத் தொடுவதே இல்லை, இல்லையா? படத்தில் அங்கேதான் பொருக்கு தடியாக இருக்கிறது. முதல் பிள்ளைக்காரிகள் பாதிப் பேர் அப்படித்தான். குழி துடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் மேல் உறுதியான சவ்வு மூடியிருக்கிறது. விரல் நுனியால் மெல்லத் தடவி அலசுவதால் ஒன்றும் ஆகாது. அழுத்தாமல் இருந்தால் போதும்.

எந்த எண்ணெய் என்று கேட்டாயே. பேபி ஆயில் என்று விற்கிறார்களே, அந்த மினரல் ஆயில் போதும். பூஞ்சைக்கு அதைத் தின்ன முடியாது. இயற்கையாகத்தான் வேண்டும் என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய். அதில் பாதிக்குப் பக்கத்தில் லாரிக் அமிலம், கிருமியை அடக்குகிற குணம் அதற்கு உண்டு. ஆலிவ் எண்ணெய் வேண்டாம். உன் தோழி விலை கொடுத்து வாங்கி வந்தாள் என்கிறாய், அதைச் சமையலுக்கு வைத்துக்கொள். அதில் ஒலேயிக் அமிலம் அதிகம், பிஞ்சுத் தோலின் காப்பை அது தளர்த்திவிடும். நல்லெண்ணெயிலும் அது கணிசமாக இருக்கிறது, பெரியவர்கள் தலைக்கு ஆகட்டும். கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய் இரண்டும் வேண்டாம். புண்ணான தோல் வழியாக உணவுப்பொருள் பிள்ளைக்குப் பழகினால் பின்னால் ஒவ்வாமை வர வாய்ப்பு உண்டு. கடலை மாவு, பயத்தமாவு, தயிர், பாலாடை பூசச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். மாவு வேறு நறநறவென்று தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு எரியும். தேன் தலையில் தடவினால் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஒரு வயது ஆகும்வரை தேன் பிள்ளையின் வாய்க்குப் போகவே கூடாது. டீ ட்ரீ ஆயில், கற்பூரம் கலந்த மூலிகைத் தலை எண்ணெய், கோடாலித் தைலம், இவை எதுவும் அவன் பக்கமே வர வேண்டாம். சாம்பிராணி போடுவதென்றால் சாமி அறையோடு இருக்கட்டும். தலைமுடி உலர்த்தப் புகை காட்டுவது பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது.

இரண்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று வேப்பெண்ணெய். நம் வீடுகளில் வேப்பமரத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை எனக்கும் உண்டு. வாசலில் நிற்கிற மரத்தை வெட்ட உன் அப்பாவை நான் விட்டதே இல்லை. ஆனால் பச்சைப்பிள்ளைக்கு வேப்பெண்ணெய் விஷம். பூச்சிக்கும் சளிக்கும் என்று சொட்டு விட்டுக் கொடுத்த குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று இந்த நாட்டிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்ட அந்தக் குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். "தலையில்தானே தடவுகிறோம்" என்பார்கள். தலையைத் தடவின கைதான் அடுத்த நிமிடம் அவன் வாய்க்குப் போகிறது. அந்தப் பாட்டில் வீட்டில் இருந்தால் பூட்டி வை.

இன்னொன்று மருதாணி. சூட்டைத் தணிக்கும் என்று அரைத்துத் தலையில் அப்பச் சொல்வார்கள். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜீ6பீடி என்கிற என்சைம் இருக்கிறதா என்று பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? இந்த நாட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பார்ப்பது. அந்த என்சைம் குறைவாக இருக்கிற பிள்ளைக்கு மருதாணி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அலமாரியில் போடுகிற அந்துருண்டையும் அப்படித்தான். பேரனுடைய சுகாதாரப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார். நார்மல் என்று எழுதியிருந்தாலும் இந்த வயதில் மருதாணி வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

சூட்டைத் தணிக்க விசிறியும் மெல்லிய துணியும் போதும். கம்பளித் தொப்பியைக் கழற்றிவிடு. கோலாலம்பூர் வெக்கையில் தலையை மூடி வைத்தால் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து இன்னும் மோசமாகும். ஏர்கோன் அறையில் குளிர்ந்தால் மெல்லிய பருத்தித் தொப்பி போடு, வெளியே வந்ததும் எடுத்துவிடு.

இப்போது உன் மாமியார். அவர் சொன்னது உனக்கு வலித்தது, எனக்கும்தான். ஆனால் அந்த அம்மா பேரன் மேல் உயிரை வைத்திருக்கிறார், அந்தக் கவலைதான் அப்படி வார்த்தையாக வந்தது. எதிர்த்துப் பேச வேண்டாம். "அத்தை, நீங்கள் எண்ணெய் தடவி விடுங்கள், நான் அலசி எடுக்கிறேன்" என்று சொல். பேரன் தலையைத் தடவ அவருக்கும் ஆசை இருக்காதா? எண்ணெய் பாட்டில் மட்டும் நீ எடுத்துக் கொடுப்பதாக இருக்கட்டும். வேறு ஏதாவது பூசலாமா என்று கேட்டால், "அம்மா வேண்டாம் என்றார்கள்" என்று என் மேல் போடு. சம்பந்தியம்மாளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதைக் குறித்து வைத்துக்கொள். பொருக்குக்கு அடியில் நீர் வடிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே போ. முகம், அக்குள், தொடை மடிப்பு என்று பரவினாலும், ஓரிடத்தில் முடி வட்டமாகக் கொட்டினாலும் காட்டு. உடம்பெல்லாம் செதில் உரிந்து, வயிற்றுப்போக்கும் நிற்காமல், எடையும் ஏறாமல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே. இன்னொன்று கவனி. கிரேடில் கேப் பிள்ளையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, பாலைக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்குவான். தலையைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழுகிறான், கன்னம் சொரசொரவென்று சிவந்திருக்கிறது என்றால் அது எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் நோயாக இருக்கலாம். இழுப்பு இருக்கிற குடும்பத்தில் அது வர வாய்ப்பு அதிகம். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது என்று சொன்னாயே, அதையும் டாக்டரிடம் சொல். நீயாக மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான பொடுகு ஷாம்பூவோ ஸ்டீராய்டு க்ரீமோ வாங்கிப் போடாதே. தேவைப்பட்டால் டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பார்.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் கிளினிக்குக்குப் போகப் போகிறாய். அன்றைக்குக் காலையில் எண்ணெய் வைக்காமல் கூட்டிக்கொண்டு போ, தலையைச் சரியாகப் பார்க்க முடியும்.

முடியிறக்கினால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள் என்றாயே, மொட்டை போடுவதால் இது குணமாகாது. பொருக்கு இருக்கிற தலையில் சவரக்கத்தி பட்டால் கீறிவிடும். அதன் மேல் சந்தனம் பூசினால் எரியும். தண்ணீர்மலை முருகனுக்கு நான் வேண்டிக்கொண்டது அப்படியே இருக்கிறது. தலை நன்றாகத் தேறட்டும், தைப்பூசத்துக்கு நீங்கள் எல்லாரும் இங்கே வரும்போது இறக்கிக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேங்காய் எண்ணெய்க்கு நீ அலைய வேண்டாம். லிட்டில் இந்தியாவில் எனக்குத் தெரிந்த கடையில் வாசனை எதுவும் சேர்க்காததாக ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன். சனிக்கிழமை உன் தம்பி அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவரை உன்னிடம் இருக்கிற பேபி ஆயிலையே வை. பிரஷ் மட்டும் நீ வாங்கிக்கொள், முனையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துக் குத்தாததாக எடு. நாளை குளிப்பாட்டி முடித்ததும் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா