ஹம்பியின் நீராடு மண்டபம் சுல்தான்கள் கட்டியதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஹம்பிப் பயணக் கட்டுரை, ‘ராணி குளியலறை’ என வழங்கப்படும் கட்டடத்தில் வளைவுகள் இருப்பதை மட்டும் வைத்து, அது விஜயநகரம் வீழ்ந்தபின் தக்காண சுல்தான்கள் எழுப்பியது என்று ஒரே வரியில் கூறிக் கடந்துவிட்டது வருத்தமளித்தது. அந்தச் சுல்தான்களிடம் விஜயநகரம் தோற்ற 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்ட நகரில், அத்தனை நுணுக்கமான நீராடு மண்டபத்தை எவர், எவருக்காகக் கட்டியிருக்க முடியும்?

வேலூரில் வாழும் நமக்கு விஜயநகரக் கலை என்றாலே, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்கள்தாம் கண்முன் நிற்கும். அதே பேரரசின் தலைநகரான ஹம்பியிலோ, கோயில்களைக் கல் தூணும் உத்தரமுமாக எழுப்பியபோதே, தாமரை மகால், யானைக் கொட்டில், இந்த நீராடு மண்டபம் போன்ற அரண்மனைக் கட்டடங்களை வளைவும் கவிமாடமும் சுண்ணாம்புச் சுதையுமாக அமைத்தார்கள். விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்திருந்தார். 1439இல் அவருடைய அதிகாரி அகமது கான் கட்டிய மசூதி இன்றும் ஹம்பியில் இருக்கிறது. எனவே வளைவும் கவிமாடமும் கொண்ட தக்காணப் பாணி அந்நகருக்கு அயலானதன்று.

பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கொண்ட அந்தச் சதுரக் கட்டடத்தின் வெளிச்சுவரில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. பலர் வாசலோடு திரும்பிவிடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உள்ளே நுழைந்தால், வானம் பார்த்த சுமார் ஆறடி ஆழக் குளம், அதைச் சுற்றிக் கவிமாடங்கள் வரிசையிட்ட தாழ்வாரம், குளத்தின் மேல் நீட்டி நிற்கும் சாளர மாடங்கள். அண்ணாந்து பார்த்தால், ஒரு கவிமாடத்தின் சுதை வேலைப்பாடு அடுத்ததில் இல்லை. கழுத்து வலிக்கும்வரை நான் அங்கே நின்றேன். வெளியே கட்டடத்தைச் சுற்றிக் குறுகிய அகழியும் உண்டு. பகைவரைத் தடுக்கும் நம் கோட்டை அகழியை நாள்தோறும் பார்க்கும் எனக்கு, நீராடும் இடத்துக்கு நீரையே வேலியாக இட்ட அந்த எண்ணம் பெரும் வியப்பாயிற்று.

‘ராணி’ என்ற பெயரும் பிற்காலத்தில் வழங்கியதே. அரசரும் அரண்மனையாரும் அங்கு நீராடியிருக்கலாம்.

அடுத்த இதழில் இப்பிழையைத் திருத்தி, வெளிச்சுவர்ப் படத்துக்கு மாறாக அந்தக் கவிமாடங்களின் படம் ஒன்றையேனும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.