கார் ஆயில் பைக்குக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வேகமான பைக்குகளின் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையை என் பட்டறைப் பையன்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். செயின், டயர், பிரேக் பற்றி எழுதியிருப்பதெல்லாம் சரி. விலை உயர்ந்த கார் ஆயிலை ஊற்றினால் பைக் எஞ்சின் இன்னும் நன்றாக உழைக்கும் என்ற ஒரு வரியை மட்டும் நான் பேனாவால் அடித்துவிட்டேன். கட்டுரை வந்த வாரமே இரண்டு பேர் நாலு லிட்டர் கார் ஆயில் கேனோடு வந்து நின்றார்கள். "அண்ணா, பத்து லட்சம் ரூபாய் காருக்கே போடுறாங்க, நம்ம வண்டிக்கு ஆகாதுங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

ஆகாது. அதைச் செய்து பார்த்துக் கெட்டவன் நான்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம் 2003-ல் திறந்த பிறகு சில வருடம் என் மச்சான் அங்கே 150 சிசி வண்டி ஓட்டினான். வண்டியைத் தயார் செய்வது என் வேலை. ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ரகக் கார் ஆயில் (எண்களின் அர்த்தத்தைக் கீழே சொல்கிறேன்), ஃபுல் சிந்தெடிக், சும்மாவே கொடுத்தார். ஓசியில் கிடைத்ததை விடுவேனா? ஊற்றிவிட்டேன். பயிற்சியில் மூன்று சுற்று வண்டி பட்டாகப் போனது. நாலாவது சுற்றில், நேர்ப்பாதையில், எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் கேபிள்தான் கோளாறு என்று நினைத்து அதையே திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் கவரைக் கழற்றினால், கிளட்ச் பிளேட் கண்ணாடி போல வழவழத்துக் கிடக்கிறது. ஸ்டீல் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டியது, புது பிளேட் வாங்கியது எல்லாம் என் கணக்கில். மச்சான் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

காரில் கிளட்ச் எஞ்சினுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கிறது. கியர் உள்ள பைக்குகளில் பெரும்பாலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் இது சகஜம். ஆனால் எஞ்சின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிடிப்பதே பிளேட்டுகளின் உராய்வினால்தானே. டப்பாவின் பின்பக்க வட்ட முத்திரையில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அது பைக்குக்கு வேண்டாம். முன்பு அதே இடத்தில் 'எனர்ஜி கன்சர்விங்' என்று போடுவார்கள். நான் அன்று அதைப் படிக்கவில்லை. எல்லாக் கார் ஆயிலும் கிளட்சை வழுக்க வைக்கும் என்று சொல்ல மாட்டேன். பழைய 20டபிள்யூ-50 சிலது ஒத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதில் சிக்கல்.

இதற்காகவே ஜப்பான்காரர்கள் ஜாசோ என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு எம்.ஏ. 2006-ல் அதை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள், எம்.ஏ.2-வில் பிடிப்பு அதிகம். எம்.பி. என்பது உராய்வு குறைந்தது. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அங்கே எம்.பி. சரி. அதையே டியூக் போன்ற கியர் பைக்கில் ஊற்றக் கூடாது.

இன்னொரு தொல்லை, 'கெட்டி ஆயில்' பைத்தியம். டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, 390 டியூக்குக்கு 15டபிள்யூ-50. கம்பெனிக்காரன் சும்மா போடவில்லை. எஞ்சினுக்குள் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு சூடு என்று கணக்குப் பார்த்துப் போட்டது. ஸ்பிளெண்டரில் 15டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எஞ்சின் மேலே வால்வைத் திறக்கும் கேமுக்கு ஏறத் தாமதமாகும், இழுவையும் குறையும். டியூக்கில் 30 ஊற்றினால் நெடுஞ்சாலைச் சூட்டில் தண்ணீராகிவிடும். அதோடு, கெட்டித்தன்மையைக் காப்பாற்றச் சேர்க்கும் பாலிமரைக் கியர் பற்கள் அரைத்துவிடும். 50 என்று ஊற்றியது கொஞ்ச நாளில் 40 மாதிரி ஆகிவிடும். நாங்கள் ஒவ்வொரு போட்டிக்கும் ஆயில் மாற்றியது அதனால்தான். தெருவில் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை, கையேட்டில் உள்ள கிலோமீட்டரே போதும். அளவு பார்க்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்கட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆயில் குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர்.

காலி டப்பாக்களை நான் ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறேன். அதில் போலி ஆயிலை நிரப்பி விற்றுவிடக் கூடாது என்றுதான்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால், பைக்கின் படத்தோடு ஆயில் டப்பாவின் பின்பக்கத்தையும் பெரிதாக அச்சிடுங்கள். கண்ணாடி இல்லாமல் என்னால் அந்த எழுத்தைப் படிக்க முடிவதில்லை.

ஒரு பைக் மெக்கானிக்,
சிங்காநல்லூர், கோவை-5.